ஆடிப்பெருக்கு பூஜை: காவிரிக் கரைக்குப் போவதற்குப் பத்து நாள் முன்பிருந்து

படித்துறையில் உட்கார்ந்து ஆடிப்பெருக்கு பூஜையை முடிக்க அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரத்துக்கான வேலைதான் பத்து நாள் முன்பே தொடங்குகிறது. அன்றைக்கு நடக்கிற குளறுபடிகளில் பாதி, வீட்டில் முடித்திருக்க வேண்டியதை ஈரப் படியில் நின்றுகொண்டு செய்யப் போவதால் வருபவை. சரட்டுக்கு மஞ்சள் தடவுவது, சரடு அளப்பது, தாலி மாற்றுவது எல்லாம் வீட்டு வேலை. ஆற்றுக்கு எடுத்துப் போக வேண்டியது ஒரு கூடைக்குள் அடங்கிவிடும்.

நாள், நேரம், தண்ணீர்

ஆடி மாதம் ஜூலை 16 அல்லது 17-இல் பிறப்பதால் பதினெட்டாம் பெருக்கு ஆகஸ்ட் 2 அல்லது 3-இல் வரும். திதியும் நட்சத்திரமும் பார்க்காமல், மாதத்தின் தேதியை மட்டும் வைத்துக் கொண்டாடுகிற பண்டிகை இது. காரணம் வானத்தில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை குடகு மலையிலும் கபினி பிறக்கும் வயநாட்டிலும் ஜூன், ஜூலையில் கொட்டித் தீர்க்கும். அந்த வெள்ளம் கீழே வந்து ஆறு பெருகும் நேரத்தை ஒட்டியே இந்த நாள் அமைந்திருக்கிறது. மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட பிறகு, பெருக்கு என்பது மதகைத் திறப்பவர் கையிலும் பாதி இருக்கிறது. அதனால் பஞ்சாங்கத்தோடு அணை நிலவரத்தையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

காலை வேளைதான் பொருத்தம். ஆறு மணிக்கே போய்விட்டால் கூட்டமும் குறைவு, காற்றும் குறைவு. ராகு காலம் பார்ப்பவர்களுக்குக் காலையில் இடிக்கிற கிழமைகள் மூன்று: திங்கள் (7.30–9), சனி (9–10.30), வெள்ளி (10.30–12). எமகண்டமும் தவிர்ப்பவர்கள் செவ்வாய் (9–10.30), புதன் (7.30–9), வியாழன் (6–7.30), திங்கள் (10.30–12) ஆகியவற்றையும் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் காலை முழுக்கத் தடையில்லை. கூட்டம்தான் தடை.

இடத்தைப் பொறுத்தவரை, ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் எல்லோருக்கும் தெரியும். நம்பெருமாள் அங்கே எழுந்தருளி, காவிரித் தாய்க்குப் பட்டும் தாலியும் பழமும் சீராகப் போகும் காட்சி பார்க்க வேண்டியதுதான். ஆனால் கைக்குழந்தையோடு அங்கே பூஜைக்கு இடம் பிடிப்பது பெரும்பாடு. சீரைப் பார்க்க அம்மா மண்டபம், பூஜை செய்ய ஊருக்குப் பக்கத்திலுள்ள சின்னப் படித்துறை என்று பிரித்துக்கொள்வது நல்லது. திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறைத் துலாக்கட்டம் என்று டெல்டா முழுக்கப் படித்துறைகள் இருக்கின்றன. மேற்கே பவானி கூடுதுறை, கொடுமுடி, மேட்டூர்.

முளைப்பாரி

இதை முதலில் சொல்லக் காரணம், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ள முடியாத ஒரே வேலை இதுதான். பண்டிகை காலையில் பயிர் ஒரு சாண் உயரம் நிற்க வேண்டுமென்றால் ஆடி 9-ஆம் தேதியாவது விதைத்திருக்க வேண்டும்.

நவதானியம் என்பது நெல், கோதுமை, துவரை, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, மொச்சை, எள், உளுந்து, கொள்ளு. பூஜை சாமான் கடையில் கலந்து கட்டிய பாக்கெட்டை வாங்காதீர்கள். அது ஹோமத்தில் போடவும் கோலத்தில் பரப்பவும் வைத்திருப்பது. எத்தனை நாள் பழசு என்று யாருக்கும் தெரியாது, உடைசலும் இருக்கும். மளிகைக் கடையில் ஒவ்வொன்றும் ஐம்பது கிராம் தனித்தனியாக வாங்குங்கள். துவரை, உளுந்து இரண்டும் தோலோடு முழுசாக இருக்க வேண்டும், உடைத்த பருப்பு முளைக்காது. நெல் விதைநெல்லாக இருக்கட்டும். இளஞ்சிவப்புச் சாயம் பூசியதுபோல இருந்தால் அது பூஞ்சாணக் கொல்லி மருந்து கலந்து விதைநேர்த்தி செய்தது. குழந்தைகள் கைவைக்கிற பாத்திரத்துக்கு அது வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒன்றாக ஊறப்போடுவதுதான் பலரும் செய்யும் தவறு. நெல்லுக்கு ஒரு நாள் முழுக்க ஊறல் வேண்டும், பிறகு ஈரத்துணியில் கட்டி இன்னொரு நாள் வைத்தால்தான் முளைவிடும். ஆகவே நெல்லை மற்றவற்றைவிட இரண்டு நாள் முந்தியே தொடங்க வேண்டும். பயறு, உளுந்து, கொள்ளு, துவரை, கோதுமைக்கு ஓர் இரவு போதும். கொண்டைக்கடலையும் மொச்சையும் எட்டு மணி நேரத்துக்கு மேல் தண்ணீரில் கிடந்தால் அழுகத் தொடங்கும். சட்டியில் முதலில் நாற்றமடிப்பது இவை இரண்டும்தான், அளவைக் குறைத்தே போடுங்கள். எள்ளை ஊறவைக்கவே வேண்டாம். கடைசியில் மேலே தூவி விட்டால் போதும்.

அடியில் ஓட்டையுள்ள மண்சட்டி அல்லது மூங்கில் கூடை எடுத்துக்கொள்ளுங்கள். எவர்சில்வர் தட்டில் தண்ணீர் தேங்கி வேர் கறுத்துப்போகும். அடியில் கொஞ்சம் வைக்கோல், அதன்மேல் மணல் இரண்டு பங்கும் காய்ந்து பொடித்த சாணி எரு ஒரு பங்கும் கலந்து நான்கு விரல் உயரத்துக்குப் பரப்பி, விதைகளை ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் தூவி, ஒரு விரல் கனத்துக்கு அதே கலவையால் மூடுங்கள். காலையும் மாலையும் கையால் தண்ணீர் தெளித்தால் போதும். சொம்பால் ஊற்றினால் விதைகளெல்லாம் ஓரத்துக்குப் போய் ஒதுங்கிவிடும்.

சட்டியை இருட்டறையில் வைப்பது வழக்கம். வெளிச்சமில்லாமல் வளரும் பயிர் வெளிர் மஞ்சளாக, நெடுநெடுவென்று எழும். அந்த நிறம்தான் முளைப்பாரிக்கு அழகு. ஆனால் இருட்டுக்காகச் சட்டியை மூடி போட்டு அடைத்துவிட்டால் காற்றில்லாமல் பூஞ்சை பிடிக்கும். கவிழ்த்த கூடையால் மூடுங்கள், இடைவெளி இருக்கும், எலியும் வராது. மூன்றாம் நாள் வேரடியில் வெள்ளையாகப் பஞ்சுபோலத் தெரிந்தால் பதறிவிட வேண்டாம். தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டு மறைந்தால் அது வேர்த்தூவி. மறையாமல், விதையையே சுற்றிக்கொண்டு வாடையும் அடித்தால்தான் பூஞ்சை. அந்தப் பகுதியை மண்ணோடு அள்ளி எறிந்துவிட்டு ஒரு நாள் தண்ணீரை நிறுத்துங்கள். ஏழாம் நாளில் பயிர் சாயத் தொடங்கினால் வாழைநாரால் தளர்வாக ஒரு சுற்றுக் கட்டலாம்.

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பார்கள். வீட்டிலிருக்கும் விதை முளைக்குமா என்று வயலுக்குப் போகும் முன் சட்டியில் பார்த்துக்கொள்கிற ஏற்பாடாகவும் இதைச் சொல்வதுண்டு. வீட்டில் விதைநெல் வைத்திருப்பவர்கள் நூறு நெல்லை எண்ணிப் போட்டால் பூஜையோடு அந்தக் கணக்கும் கிடைத்துவிடும்.

முந்தின நாள் வேலை: சரடு, காதோலை, சாமான்

மஞ்சள் சரட்டைக் கடையில் வாங்கி அப்படியே கட்டினால் சாயம் கழுத்தில் இறங்கும், சிலருக்கு அரிப்பும் வரும். வெள்ளை நூலை வாங்கி, கிழங்கு மஞ்சளை உரைத்துத் தடவி, நிழலில் உலர்த்துவது மேல். இதை முதல் நாள் காலையிலேயே செய்துவிடுங்கள். ஆடி மாத ஈரக்காற்றில் மாலையில் தடவியது விடிந்தாலும் பிசுபிசுக்கும். ஆளுக்கு ஒன்று, காவிரிக்கு ஒன்று, படித்துறையில் பக்கத்தில் உட்காருகிறவர் கேட்டால் கொடுக்க இரண்டு மூன்று. பெண்கள் கழுத்திலும் ஆண்கள் வலது மணிக்கட்டிலும் கட்டிக்கொள்வது வழக்கம்.

காதோலை கருகமணி என்பது சுருட்டிய பனையோலைத் துண்டும் கறுப்பு மணியும். ஓலையைக் காதில் அணிந்த காலத்தின் மிச்சம் இது. ஆடி பிறந்ததும் பூஜை சாமான் கடைகளில் தொங்கும். இப்போது ஓலைக்குப் பதில் சாயம் பூசிய பிளாஸ்டிக் சுருளும், கருகமணிக்குப் பதில் பிளாஸ்டிக் வளையமும் வருகின்றன. ஆற்றில் விடப்போகும் பொருள் என்பதால் நகத்தால் கீறிப் பார்த்து வாங்குங்கள். ஓலை நார்நாராகப் பிரியும்.

கூடையில் வேறென்ன? மஞ்சள்தூள், குங்குமம், சந்தனம், வெற்றிலை பத்து, பாக்கு, வாழைப்பழம் ஒரு சீப்பு, தேங்காய் ஒன்று, உதிரிப்பூ இரண்டு கைப்பிடி, தொடுத்த பூ இரண்டு முழம், அருகம்புல், மாவிலை, நுனி வாழையிலை இரண்டு, அரிசி மாவு, அகல் மூன்று, நெய்யில் ஊறிய திரி, கற்பூரம், தீப்பெட்டி இரண்டு, மணி, சொம்பு, ஒரு ரவிக்கைத் துணி, உட்காரப் பழைய பாய். சீசன் பழமாகப் பேரிக்காய், கொய்யா, நாவல்பழம், விளாம்பழம் கிடைக்கும். தீப்பெட்டி இரண்டு என்பது எழுத்துப் பிழை அல்ல, ஒன்று கட்டாயம் நனையும். தேங்காய் உடைக்கக் கல் தேடி அலையாமல் வீட்டிலேயே குடுமியைச் சீவி, நார் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். படிக்கட்டில் உடைத்தால் சில்லு தெறித்து அடுத்தவர் காலைக் கிழிக்கும். அரிவாளின் பின்புறத்தால் கையில் வைத்தே உடைக்கலாம்.

சித்ரான்னம்

காவிரி இந்த மாதத்தில் மசக்கையாக இருக்கிறாள், புளிப்பும் இனிப்புமாக அவளுக்குக் கேட்கும் என்பது டெல்டாவில் சொல்லிவரும் காரணம். புளி, எலுமிச்சை, தேங்காய், எள், தயிர், சர்க்கரைப் பொங்கல் என்று எத்தனை வகை வேண்டுமானாலும் செய்யலாம். ஆறு பேருக்கு மொத்தம் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக அரிசி போட்டால் மிஞ்சாது. அக்கம்பக்கத்தில் கொடுத்து வாங்கியும் சாப்பிடுவோம் என்பதால் நான்கு வகைக்கு மேல் போக வேண்டியதில்லை.

புளிக்காய்ச்சலை முந்தின இரவே செய்துவிடுங்கள். 250 கிராம் அரிசிக்கு ஒரு பெரிய எலுமிச்சை அளவு புளி, நல்லெண்ணெய் நான்கைந்து மேசைக்கரண்டி. எண்ணெய் மேலே பிரிந்து நிற்கும்வரை கொதிக்க வேண்டும், அதற்கு முன் இறக்கினால் பச்சை வாடை போகாது. சாதத்தை அரிசிக்கு இரண்டு பங்குத் தண்ணீரில் உதிரியாக வடித்துத் தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் ஒரு கரண்டி விட்டு ஆறவிட்ட பிறகுதான் எதையும் கலக்க வேண்டும். சூட்டோடு கிளறினால் கட்டியாகும். எலுமிச்சை சாதத்துக்கு 200 கிராம் அரிசிக்கு நடுத்தரமான பழம் இரண்டு. தாளிப்பை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே சாறு விடுங்கள், கொதித்தால் கசக்கும். தயிர்சாதம் நண்பகல்வரை புளிக்காமல் இருக்க, குழைய வேகவைத்த சாதத்தில் காய்ச்சி ஆறிய பாலை நிறைய விட்டு, தயிர் இரண்டு கரண்டி மட்டும் சேருங்கள். தேங்காய் சாதம்தான் முதலில் கெடும். அதைக் கிளம்பும்போது கலந்து, மூடியை இறுக்காமல் எடுத்துப்போய், முதலில் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். நைவேத்தியத்துக்குரியது என்பதால் வெங்காயம், பூண்டு கிடையாது.

சர்க்கரைப் பொங்கலுக்கு 200 கிராம் பச்சரிசி, 50 கிராம் பாசிப்பருப்பு, 350 கிராம் வெல்லம், 100 மில்லி நெய். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டாமல் போட்டால் மணல் நறநறக்கும்.

காப்பரிசி இல்லாமல் ஆடிப்பெருக்கு இல்லை. பச்சரிசி 200 கிராமைக் கழுவி அரை மணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் கால் மணி நேரம் உலர்த்துங்கள். பொடித்த வெல்லம் 100 கிராம், பல்லுப்பல்லாக நறுக்கிய தேங்காய் கால் மூடி, பொட்டுக்கடலை இரண்டு மேசைக்கரண்டி, வறுத்த எள் ஒன்று, ஏலக்காய் இரண்டு. ஈரம் அதிகமானாலும், வீட்டிலேயே கலந்தாலும் வெல்லம் நீர்த்துக் கஞ்சிபோல ஆகிவிடும். அரிசியையும் வெல்லத்தையும் தனித்தனி டப்பாவில் எடுத்துப்போய்ப் படைக்கும்போது கலக்க வேண்டும்.

மாவிளக்குப் போடுகிறவர்கள், ஊறவைத்து நிழலில் உலர்த்திய 200 கிராம் பச்சரிசியை லேசான ஈரத்தோடு இடித்துச் சலித்து, 125 கிராம் வெல்லம் சேர்த்துப் பிசையுங்கள். தண்ணீர் ஒரு சொட்டுக்கூட வேண்டாம், வெல்லமே இளகிப் பிடித்துக்கொள்ளும். மாவு தளர்ந்தால் நெய் விட்டதும் திரி உள்ளே மூழ்கி விளக்கு அணையும். அதற்கென்று கொஞ்சம் உலர்ந்த மாவைத் தனியாக எடுத்து வையுங்கள். மாவிளக்கை ஆற்றில் விடக்கூடாது, அது பிரசாதம்.

தாலிச் சரடு மாற்றுவது வீட்டிலேயே

புதிதாகக் கல்யாணம் ஆனவர்களுக்குத் தாலி பெருக்கிக் கட்டவும், மற்றவர்கள் பழைய சரட்டை மாற்றவும் இந்த நாளைத் தேர்ந்தெடுப்பார்கள். படித்துறையில் செய்வது அழகுதான். ஆனால் ஒரு குண்டுமணி கைதவறினால் காவிரியில் போனது போனதுதான். கூட்டத்தில் நகையைக் கழற்றி வைப்பதும் புத்திசாலித்தனம் இல்லை. பூஜையறையில் விளக்கேற்றி, கிழக்கு பார்த்து மணையில் உட்கார்ந்து மாற்றிக்கொண்டு கிளம்புங்கள்.

கழுத்து வெறுமையாக இருக்கக்கூடாது என்பதால் முதலில் ஒரு மஞ்சள் கிழங்கைச் சரட்டில் முடிந்து கழுத்தில் கட்டிக்கொள்ள வேண்டும். பிறகுதான் பழையதைக் கழற்றுவது. கீழே ஒரு தாம்பாளத்தை வைத்துக்கொண்டு, உருக்களைக் கழற்றும்போதே எண்ணி, கோத்திருந்த வரிசையை ஒரு முறை போட்டோ எடுத்து வைத்தால் திரும்பக் கோக்கும்போது குழப்பம் வராது. பழைய சரட்டின் நீளத்தை அப்படியே அளவாக எடுக்காதீர்கள், அது நாள்பட நீண்டு போயிருக்கும். புதியதும் இரண்டு குளியலில் கொஞ்சம் நீளும் என்பதால் இரண்டு விரல் குறைத்தே முடியலாம். மூத்த சுமங்கலி ஒருவர் முடிச்சுப் போட்டு, குங்குமம் வைத்துவிட்ட பின் கிழங்குச் சரட்டைக் கழற்றிவிடலாம். பழைய சரடு பருத்தி நூலாக இருந்தால் ஆற்றில் விடலாம், நைலான் கலந்ததை விடக்கூடாது. வீட்டுத் தோட்டத்து மரத்தடியில் புதைப்பதும் வழக்கத்தில் உண்டு.

படித்துறையில்

போனதும் தண்ணீரில் காலை வைத்துவிடாதீர்கள். முதலில் குனிந்து கையால் நீரைத் தொட்டு, தலையில் தெளித்துக்கொண்டு, பிறகுதான் இறங்குவது. தாய்மேல் கால் படுகிறதே என்ற மரியாதை ஒரு பக்கம். நீரின் வேகமும் குளிர்ச்சியும் கையில் தெரிந்துவிடும் என்பது இன்னொரு பக்கம்.

குளத்தில் குளித்தால் சூரியனைப் பார்த்து, ஆற்றில் குளித்தால் நீரோட்டத்தை எதிர்நோக்கி முழுகுவது முறை. மூன்று முழுக்குப் போதும். சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எதுவும் கூடாது. உடம்பு தேய்க்கிற குளியலை வீட்டிலேயே முடித்துவிட்டு வர வேண்டும். முழுகும்போது எல்லோருக்கும் தெரிந்த சுலோகம் இது:

கங்கே ச யமுனே சைவ கோதாவரி ஸரஸ்வதி
நர்மதே ஸிந்து காவேரி ஜலேஸ்மின் ஸந்நிதிம் குரு

தெரியாதவர்கள் ‘காவிரித் தாயே’ என்று கும்பிட்டாலே போதும். இந்தப் பூஜைக்குப் புரோகிதரும் தேவையில்லை, வீட்டுப் பெண்களே முன்நின்று நடத்துவது இது.

கரையேறி உலர்ந்த துணி மாற்றிக்கொண்டு, தண்ணீர் எட்டாத மேல்படி ஒன்றைக் கழுவி அரிசி மாவால் கோலம் போடுங்கள். வாழையிலையைப் பரப்பி அதில் மஞ்சள் பிள்ளையார். மஞ்சள்தூள் இரண்டு தேக்கரண்டிக்குத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விட்டுப் பிடிக்க வேண்டும். வறண்டால் வெடிக்கும், தளர்ந்தால் உட்கார்ந்துவிடும். அரை தேக்கரண்டி அரிசி மாவு சேர்த்தால் உறுதியாக நிற்கும். அருகம்புல் வைத்துப் பிள்ளையாரை முதலில் கும்பிடுங்கள்.

காவிரிக்கு உருவம் இரண்டு விதமாக வைப்பதுண்டு. சொம்பில் ஆற்றுநீரை மொண்டு, மஞ்சள் சிட்டிகை போட்டு, மாவிலையும் பூவும் வைத்துக் கலசமாக்குவது ஒன்று. ஈர மணலைக் குவித்து அம்மனாகப் பிடித்து மஞ்சள் குங்குமம் இடுவது மற்றொன்று. மணல் திட்டு இருக்கும் கரையில் இரண்டாவது அழகு, கல்படியில் கலசமே வசதி. மஞ்சள் சரடு சாத்தி, காதோலை கருகமணி, வளையல், ரவிக்கைத் துணி, பழம், வெற்றிலை பாக்கு எல்லாம் இலையில் பரப்பி, உதிரிப்பூவால் அர்ச்சித்து, சித்ரான்னமும் காப்பரிசியும் படைக்க வேண்டும். ஊதுவத்தி, தீபம், கடைசியில் கற்பூரம்.

தீபத்தில்தான் எல்லோரும் தோற்பது. ‘ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்’ என்கிறபோது அகல் எந்த மூலை? திரியை இரட்டையாகத் திரித்து, நெய்யில் முதல் நாளே ஊறவைத்து, நுனியில் துளி கற்பூரத்தூளைத் தேய்த்து வைத்தால் ஒரே குச்சியில் பற்றும். பித்தளைக் குடத்தைச் சாய்த்து வைத்து அதன் வாய்க்குள் அகலை வைத்தால் நல்ல மறைப்பு. கற்பூரத்தைத் தட்டையான தட்டில் காட்டாமல் குழிவான கரண்டியில் காட்டுங்கள்.

ஆரத்தி முடிந்ததும் சரடு கட்டிக்கொள்வது. பெரியவர்கள் சிறியவர்களுக்குக் கட்டுவார்கள், பக்கத்துக் குடும்பத்துப் பெண்களுக்கும் சரடும் குங்குமமும் கொடுப்பது உண்டு.

ஆற்றில் விடுவதும் விடக்கூடாததும்

முளைப்பாரியைச் சட்டியோடு விட வேண்டாம். பயிரை வேர்ப்பிடி மண்ணோடு பெயர்த்து, இரண்டு கைப்பிடி அளவு ஆற்றுக்கு, மீதி மாட்டுக்கும் தோட்டத்துக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். விடுமிடமும் முக்கியம். படித்துறையின் மூலையில் நீர் சுற்றிக்கொண்டே நிற்கும், அங்கே விட்டது நகராது. மாலைக்குள் எல்லோருடையதும் சேர்ந்து குப்பைமேடாகி அழுகும். ஓட்டம் தொடுகிற கீழ்ப்படி ஓரமாக, குனிந்து நீரின்மேல் வைக்க வேண்டும், வீசக்கூடாது.

மிதக்கும் விளக்குக்கு வெற்றிலை போதாது, சூட்டில் சுருண்டு கவிழும். வாழைமட்டையை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, குழிந்த பக்கம் மேலே இருக்க, நடுவில் மாவிளக்கு மாவால் சின்னக் கிண்ணம் செய்து ஒட்டினால் மண் அகலின் எடையும் இல்லை, கவிழவும் கவிழாது. (படைத்த மாவிளக்கு வேறு, இது வேறு.) தெர்மோகோல் தட்டு வேண்டவே வேண்டாம்.

கண்ணாடி வளையலை ஆற்றில் போடுவது பழக்கமாகிவிட்டது. அது அடுத்த வருஷமும் அதே படியில் யார் காலையோ கிழிக்கக் காத்திருக்கும். படைத்துவிட்டுக் கரையில் இருக்கும் ஒரு பெண்ணுக்குக் கொடுங்கள், காவிரிக்குக் கொடுத்ததாகவே கணக்கு. ரவிக்கைத் துணியும் அப்படியே. குளித்த ஈரத்துணியைப் படியிலேயே விட்டுவரும் வழக்கம் காலில் சுற்றி ஆளை இழுக்கும், மதகுகளையும் அடைக்கும். பூ வாங்கிய பிளாஸ்டிக் பை, கற்பூர டப்பா, ஜிகினா ஒட்டிய மாலை எல்லாம் கூடையிலேயே திரும்பி வரட்டும். புதுமணத் தம்பதிகள் கல்யாண மாலையை ஆற்றில் விடும் வழக்கம் மேற்கு மாவட்டங்களில் அதிகம். நாரையும் பூவையும் மட்டும் விட்டு, ஜரிகையையும் நைலான் நூலையும் உருவி எடுத்துவிடுங்கள்.

தண்ணீர் அதிகமானால், இல்லாவிட்டால்

மேட்டூர் 120 அடி நிரம்பிப் பதினாறு கண் மதகு வழியாக உபரிநீர் போகிறது என்ற செய்தி வந்தால், கரையில் குளிக்கத் தடை வரும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டூரில் திறந்த நீர் கல்லணையைத் தொட மூன்று நான்கு நாள் ஆகும். ஆடி 14, 15-இல் வந்த அறிவிப்புதான் திருச்சி, தஞ்சைக்காரர்களின் பதினெட்டாம் நாளைத் தீர்மானிக்கும். தடை இருந்தால் அதைச் சாமர்த்தியமாகத் தாண்டும் வழி தேடாதீர்கள். வெள்ளக் காவிரி கலங்கலாக இருக்கும், படி எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. மணல் அள்ளிய பள்ளங்களில் முழங்கால் ஆழம் ஒரே அடியில் ஆள் மூழ்கும் ஆழமாகும். முக்கொம்பில் பிரியும் கொள்ளிடம் அகலமாக, அமைதியாகத் தெரியும். வெள்ளம் அதிகமாகத் திருப்பிவிடப்படுவது அதில்தான்.

தடை இல்லாத நாளிலும் இடுப்புக்கு மேல் ஆழத்துக்குப் போகாமல், தடுப்புக் கயிறு இருந்தால் அதற்கு உள்ளேயே குளியுங்கள். பாசி படிந்த படியில் செருப்பில்லாத காலைப் பக்கவாட்டில் வைத்து இறங்க வேண்டும். புடவை, வேட்டித் தலைப்பைச் செருகிக்கொள்ளுங்கள். குழந்தைகளின் கையைப் பிடிக்காதீர்கள், மணிக்கட்டைப் பிடியுங்கள், ஈரத்தில் விரல் வழுக்கும். தஞ்சை, திருச்சிப் பக்கம் சிறுவர்கள் இழுக்கும் சப்பரம் படிக்கு மேலேயே ஓடட்டும்.

ஆறு வறண்ட வருஷங்களும் உண்டு. அப்போது படித்துறையில் வைக்கும் ஷவரிலோ, மணலில் போட்ட அடிபம்பிலோ குளித்து, பம்புக்கே மஞ்சள் குங்குமம் இட்டுக் கும்பிட்டுவிட்டு வருகிறார்கள். அது குறைவான பூஜை இல்லை. ஆற்றுக்கே போக முடியாதவர்கள் வீட்டுக் கிணற்றையோ, நிறைகுடத்தையோ காவிரியாக வைத்துச் செய்யலாம். குடத்து நீரில் மஞ்சள் கரைத்துப் பூ மிதக்கவிட்டு, மேற்சொன்ன வரிசையிலேயே பிள்ளையார் முதல் சரடு வரை முடித்து, அந்த நீரைத் துளசிக்கோ தென்னைக்கோ ஊற்றிவிடுவார்கள். முளைப்பாரியை அதே மரத்தடியில் நட்டுவிடலாம், கொள்ளும் பயறும் பிடித்துக்கொள்ளும்.

கலசத்து நீரை வீடு முழுக்கத் தெளித்து, மிச்சத்தைப் பூஜையறையில் ஒரு சொம்பில் வைக்கலாம். தீர்த்தம் என்று குடிக்கக் கொடுக்காதீர்கள். வெள்ளநீரில் மலைமண் மட்டும் வருவதில்லை, வழியிலுள்ள ஊர்களின் சாக்கடையும் வருகிறது. மஞ்சள் பிள்ளையாரை அன்று மாலை கரைத்துச் செடிக்கு ஊற்றுங்கள். கையில் கட்டிய சரடு தானாக இற்றுப்போகும்வரை இருக்கலாம். வேலைக்குப் போகும் ஆண்கள் அவிழ்க்க வேண்டியிருந்தால் மூன்று நாள் கழித்து அவிழ்த்துச் செடியின் வேரடியில் போடலாம்.